எபானாவின் மகனும் இஷ்டாரின் மகளும்: ஒரு படைவீரனின் கல்லறைச் சுவரை வாசித்தல்

1

தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி முடித்த கையோடு, தன்னிடம் இருந்த அடிமைகளின் பெயர்ப்பட்டியலையும் அதே கல்லறையில் வெட்டி வைக்கச் செய்த ஒரு படைவீரனைப் பற்றி இங்கே பேச வேண்டியிருக்கிறது. கதையை வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடிக்குறிப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். கதையைப் பட்டியலிலிருந்து பின்னோக்கி வாசித்தால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அவன் பெயர் அஹ்மோஸ். 'எபானாவின் மகன் அஹ்மோஸ்' என்று முழுசாகச் சொன்னால்தான் ஆள் அடையாளம் தெரியும். ஏனென்றால் அவன் யாருக்காகச் சண்டை போட்டானோ அந்த அரசனின் பெயரும் அஹ்மோஸ்தான். அதே ஊரில், அதே காலத்தில், அஹ்மோஸ் பென்-நெக்பெத் என்று இன்னொரு படைவீரனும் இருந்தான். ஊரின் பழைய பெயர் நெகெப், இன்றைய பெயர் எல்-காப். லக்ஸரிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் நைலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கழுகு வடிவத் தெய்வமான நெக்பெத்தின் ஊர். ஊருக்கு வடக்கே மலைச்சரிவில் பாறையைக் குடைந்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று இவனுடையது. சுவரில் ஏறத்தாழ 40 வரி எழுத்து.

1828-29 பயணத்தில் ஷாம்போலியன் இந்த ஊருக்கு வந்து போனார். 1851இல் இம்மானுவேல் த ரூழே இந்தக் கல்வெட்டைப் பற்றித் தனி ஆய்வொன்றை வெளியிட்டார். எகிப்திய எழுத்தை வாசிக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்திலேயே, ஒரு நீளமான பிரதியைச் சொல் சொல்லாக எடுத்து வாசிக்கலாம் என்று காட்டிய வேலை அது. அன்றிலிருந்து இந்தச் சுவருக்கு ஒரே ஒரு பயன்தான்: ஹிக்ஸோஸ் என்ற 'அந்நியர்களை' எகிப்திலிருந்து துரத்தியதற்குச் சாட்சி சொல்வது. அவாரிஸ் நகரம் விழுந்ததை, அங்கே நின்று சண்டை போட்டவன் வாயாலேயே விவரமாகச் சொல்வதாக நம்மிடம் மிஞ்சியிருக்கும் பிரதி இது. ஆகவே 'விடுதலைப் போர்' என்ற பெருங்கதையாடலுக்கு இது ஆதார ஆவணமாகிப் போனது. எபானாவின் மகன் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டான். அவன் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

2

முதலில் அவன் சொல்கிற கதையை அவன் சொல்கிறபடியே கேட்டுவிடுவோம்.

அப்பன் பெயர் பாபா. செகெனென்ரே என்ற தெற்கத்தி அரசனிடம் படைவீரனாக இருந்தவன். அந்தச் செகெனென்ரேயின் உடல் 1881இல் தேர் எல்-பஹ்ரி மறைவிடத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. மண்டையில் கோடரி வெட்டும் குத்தும் நிறைய. ஸஹி ஹவாஸும் ஸஹர் சலீமும் 2021இல் வெளியிட்ட சி.டி. ஸ்கேன் ஆய்வு, அவன் பிடிபட்டுக் கை கட்டப்பட்ட நிலையில் கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது. ஆக அப்பன் வேலை பார்த்தது, தோற்றுச் செத்த ஒரு அரசனிடம்.

அப்பனுக்குப் பதிலாக மகன் கப்பலில் ஏறினான். கப்பலின் பெயர் 'காட்டு எருது'. அப்போது இளவட்டம், கல்யாணம் ஆகவில்லை. பிறகு குடும்பம் அமைத்துக்கொண்டான். 'வடக்கத்தி' என்ற கப்பலுக்கு மாற்றினார்கள். அரசன் ரதத்தில் போகும்போது இவன் பின்னாலேயே நடந்து போனானாம். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறான். ரதத்தில் போகிறவனுக்கும் நடந்து போகிறவனுக்கும் உள்ள தூரம் ஒரு சாதாரண வாக்கியத்தில் வந்து விழுந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவாரிஸ் முற்றுகை. கால்வாயில் சண்டை. ஒருத்தனைக் கொன்று கையை வெட்டிக்கொண்டு வந்தான். அரசனின் அறிவிப்பாளனிடம் கணக்குச் சொன்னார்கள். 'வீரத்தின் பொன்' கொடுத்தார்கள். மறுபடி சண்டை, மறுபடி ஒரு கை, மறுபடி பொன். ஊருக்குத் தெற்கே நடந்த சண்டையில் ஒருத்தனை உயிரோடு பிடித்து, தண்ணீரில் இறங்கிச் சுமந்து வந்தான். பிறகு அவாரிஸ் விழுந்தது, கொள்ளை நடந்தது. இவன் பங்கு ஒரு ஆண், மூன்று பெண்கள். அரசன் அவர்களை இவனுக்கே அடிமைகளாகக் கொடுத்துவிட்டான். அடுத்து தெற்குப் பாலஸ்தீனப் பகுதியில் ஷருஹென் நகரம். மூன்று வருஷ முற்றுகை. இரண்டு பெண்கள், ஒரு கை. அடுத்து தெற்கே நூபியா. உயிரோடு இரண்டு ஆண்கள், மூன்று கைகள். இங்கே பொன்னோடு இரண்டு பெண் அடிமைகள் கொடுக்கப்பட்டார்கள்.

அப்புறம் ஆதா என்றொருத்தன் கிளம்புகிறான், டெடியான் என்றொருத்தன் கிளம்புகிறான். ஆதாவை அடக்கியதற்கு ஐந்து ஆட்களும் ஊரிலேயே ஐந்து அரூரா நிலமும். கப்பலில் இருந்த எல்லோருக்கும் இதே போலக் கிடைத்தது என்கிறான். டெடியானை அடக்கியதற்கு மூன்று ஆட்களும் ஐந்து அரூராவும். அரூரா என்பது முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து அரூரா என்றால் ஏறத்தாழ மூன்றரை ஏக்கர். இரண்டு தடவையும் சேர்த்து ஏழு ஏக்கர் பக்கம்.

அடுத்து வந்த அமென்ஹோதெப்பைக் கூஷுக்குப் படகில் கொண்டுபோனான், இரண்டே நாளில் எகிப்துக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தான். இரண்டு பெண் அடிமைகள், 'அரசனின் போர்வீரன்' என்ற பட்டம். அதற்கடுத்து வந்த முதலாம் துத்மோஸைத் தெற்கே கொண்டுபோனபோது, நீர் கொந்தளித்த இடத்தில் கப்பலை இழுத்துக் கடத்திக் காட்டியதற்காக மாலுமிகளின் தலைவனாக்கப்பட்டான். அந்தப் படையெடுப்பில் தோற்ற நூபியத் தலைவனை அரசனின் கப்பல் முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டபடி வடக்கே வந்தார்கள். கடைசியாக யூப்ரடீஸ் பக்கத்து நஹரின். ஒரு ரதம், அதன் குதிரை, அதிலிருந்த ஆள், மூன்றையும் பிடித்துக்கொண்டு வந்தான். அப்புறம் கிழவனானான். தான் அமைத்த கல்லறையில் ஓய்வெடுக்கிறான்.

ஏழு முறை பொன் வாங்கியதாக ஆரம்பத்திலேயே சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் ஏழும் சரியாக வருகிறது. கணக்குப் பிசகாத மனிதன்.

3

கணக்கு. இந்தப் பிரதியின் உள்ளே ஓடுகிற சரடு அதுதான் என்று நினைக்கிறேன். வீரம் எல்லாம் அதன் மேல் போர்த்திய துணி. செத்தவன் 'கை'யாக எண்ணப்படுகிறான், உயிரோடு இருப்பவன் 'தலை'யாக எண்ணப்படுகிறான். அவாரிஸில் பிடித்த நாலு பேரைக் கூட்டிச் சொல்லும்போது எகிப்திய மூலத்தில் வருகிற சொல் 'தலை'. ஆடு மாட்டுக் கணக்கு மாதிரி. கையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய இடம் அறிவிப்பாளன், அதாவது அரண்மனை நிர்வாகி. அவன் பதிந்தால்தான் அது வீரம். போர்க்களத்தில் நடந்த ஒரு கொலை, நிர்வாகத்தின் பதிவேட்டில் ஏறிப் பொன்னாகத் திரும்பி வருகிற எந்திரத்தை இந்தச் சுவர் ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது.

இந்தக் கைகள் வெறும் சொல் அலங்காரம் இல்லை. அவாரிஸ் இருந்த இடம் இன்றைய டெல் எல்-தபா. 1966 முதல் மன்ஃப்ரெட் பீடக் தலைமையில் ஆஸ்திரியர்கள் அங்கே தோண்டினார்கள். 2011இல் ஹிக்ஸோஸ் அரண்மனையின் முற்றத்துக் குழிகளில் வெட்டப்பட்ட வலது கைகள் கிடைத்தன. 2023இல் யூலியா க்ரெஸ்கியும் மற்றவர்களும் அந்த எலும்புகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். குறைந்தது பன்னிரண்டு பேரின் கைகள். பதினொன்று ஆணுடையவை, ஒன்று பெண்ணுடையதாக இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை எபானாவின் மகன் வெட்டிய கைகள் அல்ல. அதற்கு முன்னாலேயே, ஹிக்ஸோஸ் அரசர்களின் சிம்மாசன மண்டபத்துக்கு எதிரே புதைக்கப்பட்டவை. அதாவது கை வெட்டிக் கணக்குக் கொடுக்கும் இந்த வழக்கமே ஹிக்ஸோஸ் மூலமாக எகிப்துக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 'காட்டுமிராண்டி அந்நியன்' என்று யாரைச் சொல்லித் துரத்தினார்களோ அவனுடைய கணக்குமுறையையே துரத்தியவனும் எடுத்துக்கொண்டான். நானூறு வருஷம் கழித்து மெதினெத் ஹாபு கோயிலில் மூன்றாம் ராம்ஸெஸின் முன்னால் கைகள் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடப்பதைச் செதுக்கி வைத்தார்கள். அந்நியன் போய்விட்டான். அவன் கொண்டுவந்த எந்திரம் போகவில்லை.

4

இப்போது 'விடுதலைப் போர்' என்ற சொல்லாடலுக்கு வருவோம்.

ஹிக்ஸோஸ் என்பது ஒரு இனத்தின் பெயர் இல்லை. 'வேற்று நிலங்களின் ஆட்சியாளர்' என்ற எகிப்தியப் பட்டத்தின் கிரேக்கத் திரிபு. கிழக்கிலிருந்து ஒரு கூட்டம் திடுமென்று வந்து ஊரை எரித்து, கோயிலை இடித்து, எகிப்தைப் பிடித்தது என்ற கதை மனெதோ எழுதியதாக ஜோஸிஃபஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் எடுத்துச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. 'இனப் படையெடுப்பு' என்ற சட்டகம் அவர்களிடம் தயாராக இருந்தது.

மண்ணுக்கடியில் கிடைப்பது வேறு கதை. அவாரிஸ் பகுதியில் மேற்காசியாவிலிருந்து வந்த மக்கள் ஹிக்ஸோஸ் ஆட்சிக்குப் பல தலைமுறை முன்பிருந்தே குடியிருந்தார்கள். கப்பல் வேலை, வியாபாரம், படை வேலை என்று வந்து தங்கியவர்கள். 2020இல் கிறிஸ் ஸ்டான்டிஸும் மற்றவர்களும் அங்கே புதைக்கப்பட்ட 75 பேரின் பற்களை வேதியியல் முறையில் ஆராய்ந்தார்கள். பாதிப்பேர் அளவுக்கு வேறிடத்தில் பிறந்தவர்கள், அதிலும் பெண்களே அதிகம் என்று தெரிந்தது. படையெடுத்து வந்த கூட்டத்தில் பெண்கள் இப்படி அதிகமாக இருக்க மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வந்து குடியேறிய ஒரு துறைமுக நகரத்தில் இருப்பார்கள். பிறகு அந்த நகரத்துக்காரர்களே ஆட்சியைப் பிடித்தார்கள். நூறு வருஷம் ஆண்டார்கள்.

போர் வேண்டும் என்று எல்லோரும் துடித்துக்கொண்டிருந்ததாகவும் சொல்ல முடியாது. செகெனென்ரேக்குப் பின் வந்த காமோஸின் பிரதி இரண்டு மூலங்களில் கிடைத்திருக்கிறது. ஒன்று 1908இல் கிடைத்த கார்னார்வன் பலகை, இன்னொன்று 1954இல் கர்னக்கில் கிடைத்த கல். அதில் அரசன் தன் சபையைக் கூட்டி, ஒரு பக்கம் ஆசியன், மறுபக்கம் நூபியன், நடுவில் நான் எப்படி உட்கார்ந்திருப்பது என்று கோபப்படுகிறான். சபையோ, இருக்கிற ஏற்பாடு போதுமே என்கிறது. நம்ம மாடுகள் டெல்டாவில்தான் மேயுது, தானியம் வருது, ஒரு தொல்லையும் இல்லையே என்ற தொனி. அரசனின் வீரத்தை உயர்த்திக் காட்டச் சபையைக் கோழையாகக் காட்டுவது எகிப்திய இலக்கிய உத்திதான். ஆனாலும் அந்த உத்தியின் ஓட்டை வழியாக ஒரு சமாதான வாழ்க்கை தெரிந்துவிடுகிறது.

எபானாவின் மகன் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. 2003இல் விவியன் டேவிஸ் அதே எல்-காப்பில், சொபெக்நக்த் என்ற ஆளுநரின் கல்லறையில் ஒரு கல்வெட்டை வாசித்து அறிவித்தார். கூஷ் தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வடக்கே படையெடுத்து வந்ததைச் சொல்லும் கல்வெட்டு. அஹ்மோஸுக்கு முந்திய காலத்து நிகழ்ச்சி. ஆக எல்-காப் மக்களுக்குத் தெற்கிலிருந்து வந்த ஆபத்து கட்டுக்கதை இல்லை. பயம் உண்மை, இழப்பு உண்மை. ஒடுக்கப்பட்டதாக உணர்ந்தவனின் போர்தான் இது.

ஆனால் போரின் முடிவில் அவன் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பிரதி தெளிவாகச் சொல்லி, அவனுக்கு அடிமையாகச் சேர்ந்தவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். அவாரிஸில் மூன்று பெண்கள், ஷருஹெனில் இரண்டு, நூபியாவில் இரண்டு, அமென்ஹோதெப் காலத்தில் இரண்டு. மொத்தம் ஒன்பது பெண்கள். ஆண்? அவாரிஸில் கிடைத்த அந்த ஒருத்தன் மட்டும்தான். மற்ற ஆண்களில் பிடிபட்டவர்களை என்ன செய்தார்கள் என்று பிரதி நேராகச் சொல்லவில்லை. செத்தவர்கள் கைகளாகக் கிடக்கிறார்கள். ஒரே ஊரில் ஆண் கையாகிறான், பெண் தலையாகிறாள். ஷருஹென் வரியில் 'இரண்டு பெண்கள், ஒரு கை' என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அந்தக் கைக்காரன் அந்தப் பெண்களில் ஒருத்திக்கு யாராக இருந்தான் என்ற கேள்வியைக் கேட்க அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

கெர்டா லெர்னர் 1986இல், தந்தைவழி ஆதிக்கத்தின் உருவாக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வாதத்தை வைத்தார். அடிமைமுறை என்பது தோற்ற கூட்டத்தின் பெண்களை வைத்துத்தான் முதலில் பழகப்பட்டது; ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களைப் பிடித்து வைப்பதில் கற்றுக்கொண்ட வித்தை பிறகு மற்றவர்கள் மேலும் ஏவப்பட்டது என்பது அந்த வாதம். மெசபடோமியச் சான்றுகளை முதன்மையாக வைத்து அவர் சொன்னது இது. எபானாவின் மகனின் கணக்கு அந்த வாதத்துக்கு நைல் கரையிலிருந்து ஒரு சாட்சி.

இன்னொன்று. ஹிக்ஸோஸ் போன பிறகு வந்த டெடியான் யார்? பெயர் எகிப்தியப் பெயர். மனக்கசப்புக் கொண்டவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவன் என்கிறது பிரதி. உள்ளூர் எதிர்ப்பாளனாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அவனையும் அவன் கூட்டத்தையும் இல்லாமல் ஆக்கினார்கள். அந்நியனைத் துரத்தியதற்குக் கிடைத்த அதே ஆள், அதே நிலம், சொந்த நாட்டுக் கலகக்காரனை ஒழித்ததற்கும் கிடைத்தது. படைவீரனின் மொழியில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. விடுதலையின் படை எவ்வளவு சீக்கிரம் ஒழுங்கு காக்கும் படையாகிவிடுகிறது என்பதற்கு இந்த இரண்டு வரிகள் போதும்.

5

இனி பட்டியல்.

கொள்ளையில் கிடைத்தவர்கள் என்ற தலைப்பில் பத்தொன்பது பெயர்கள். ஒன்பது ஆண்கள், பத்துப் பெண்கள். பெரும்பாலானவை எகிப்தியப் பெயர்கள். அவாரிஸிலும் ஷருஹெனிலும் நூபியாவிலும் பிடிபட்டவர்களுக்கு எகிப்தியப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? சிலருக்கு முன்பே இருந்திருக்கலாம், அவாரிஸ் கலப்பு நகரம்தான். மற்றவர்களுக்குப் புதுசாகச் சூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் அடிமைமுறையைச் 'சமூகச் சாவு' என்று விளக்கினார். பிறந்த குடும்பத்திலிருந்தும் முன்னோரிடமிருந்தும் அறுத்தெடுப்பதுதான் அடிமையாக்கத்தின் மையம், அதில் பேரை மாற்றுவது முக்கியமான சடங்கு என்றார். எல்-காப் பட்டியலில் அந்தச் சடங்கு நடந்து முடிந்திருக்கிறது. அப்பன் பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, ஊர் இல்லை.

ஒரு பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது. இஷ்டார்-உம்மி. செமித்தியப் பெயர். 'இஷ்டார் என் தாய்' என்று பொருள்.

நான் இந்தப் பெயரில்தான் நின்றுவிட்டேன். இந்தச் சுவருக்குச் சொந்தக்காரன் தன்னை அடையாளம் சொல்லிக்கொள்வது தாயின் பெயரால். எபானாவின் மகன். அப்பன் பாபாவையும் சொல்கிறான், ஆனால் கூடவே ஒட்டி வருவது அம்மாவின் பெயர்தான். அவன் வீட்டில் வேலை செய்த பெண்ணின் பெயரிலும் ஒரு தாய் இருக்கிறாள், தெய்வமான தாய். இவன் தாயின் பெயர் சுவரில் ஏறி மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் நிலைத்தது. அவளைப் பெற்றவளின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவாரிஸ் கொள்ளையில் வந்த மூவரில் ஒருத்தியா, ஷருஹென் இருவரில் ஒருத்தியா என்றும் பிரதி சொல்லவில்லை. அவள் பெயர் ஏன் மாற்றப்படாமல் விடப்பட்டது என்பதற்கும் காரணம் எழுதப்படவில்லை.

அவளுக்குக் குரல் இருந்ததாக நாம் புனைந்து எழுதிவிடக் கூடாது. அதுவும் ஒருவகை அபகரிப்புதான். ஸ்பிவக் 1988இல் எழுப்பிய கேள்வி இதற்கும் பொருந்தும்: ஒடுக்கப்பட்டவள் பேசுகிறாளா என்பதைவிட, பேசினாலும் கேட்கும்படியான இடம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதே பிரச்சனை. இஷ்டார்-உம்மி பேசவில்லை. அவள் உடைமையாகக் குறிக்கப்பட்டிருக்கிறாள். ஆனால் உடைமையாகக் குறித்தவன், அவளை அழைப்பதற்கு அவளுடைய மொழியையே உச்சரிக்க வேண்டியிருந்தது. தினமும். பட்டியலில் நமக்குக் கிடைப்பது அந்த அளவுதான், அதைக் குறைத்தும் சொல்லக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாது.

6

குடும்பம் எப்படி மேலே போனது என்று பார்க்கலாம். இங்கேதான் அந்தப் பத்தொன்பது பேரின் உழைப்பு மறைந்து கிடக்கிறது.

அஹ்மோஸின் மகள் கெம். அவள் இத்ரூரி என்பவனைக் கட்டிக்கொண்டாள். இத்ரூரி, முதலாம் துத்மோஸின் மகனான வஜ்மோஸ் இளவரசனுக்கு ஆசான். அவர்களுடைய மகன் பஹேரி. தாத்தாவின் கல்லறை வேலையைப் பார்த்துச் செய்தது இந்தப் பேரன்தான், தாயின் தந்தையுடைய பெயரை வாழ வைப்பதற்காக என்று சுவரே சொல்கிறது. அப்போது அவன் ஆமூன் கோயிலின் கோட்டோவியக்காரன். பிறகு அவனும் வஜ்மோஸுக்கு ஆசானானான். நெகெப்புக்கும் இஸ்னாவுக்கும் ஆளுநரானான், தெந்தெராவிலிருந்து நெகெப் வரைக்கும் தானியக் கணக்குப் பார்க்கும் எழுத்தனானான்.

எபானா, அவள் மகன், அவன் மகள், அவள் மகன். இந்தத் தொடர்ச்சி பெண்கள் வழியாகவே கைமாறிப் போகிறது. இதைப் பார்த்துப் பண்டைய எகிப்தில் பெண்ணுக்கு உயர்ந்த இடம் இருந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சொத்துரிமை இருந்தது உண்மை. ஆனால் எந்தப் பெண்ணுக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கெம்முக்கு மகள் என்ற இடம் இருந்தது. அதே வீட்டில் இஷ்டார்-உம்மிக்கு அது இல்லை. கெம் ஒரு இளவரசனின் ஆசானுக்கு வாழ்க்கைப்பட முடிந்ததற்குப் பின்னால் அப்பனின் பொன்னும் நிலமும் வீட்டு வேலைக்கு இருந்த ஆட்களும் இருந்தார்கள். 'பெண்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இருவரையும் அடக்க முடியாது.

மூன்றே தலைமுறை. தாத்தா நடந்து போனவன், கை வெட்டிக் கணக்குக் கொடுத்தவன். பேரன் கணக்கு வாங்குகிறவன். போரில் கிடைத்த நிலம் குடும்பச் சொத்தாகி எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு வேறொரு சான்று இருக்கிறது. அதே அஹ்மோஸ் அரசன் நெஷி என்ற கப்பல் அதிகாரிக்கும் நிலம் கொடுத்தான். அந்த நிலத்துக்காக நெஷியின் வாரிசுகள் இரண்டாம் ராம்ஸெஸ் காலம் வரை, அதாவது இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக, வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டைத் திருத்திப் போலிப் பத்திரம் காட்டியது வரைக்கும் நடந்தது. சக்காராவில் மெஸ் என்பவனின் கல்லறைச் சுவரில் அந்த வழக்கு முழுசும் வெட்டப்பட்டிருக்கிறது. அரசனின் 'விடுதலை' முடிந்து பத்துத் தலைமுறை ஆன பின்னும் பங்காளிச் சண்டை முடியவில்லை.

7

பஹேரியின் கல்லறையும் எல்-காப்பில்தான். டைலரும் க்ரிஃபித்தும் 1894இல் அதை வெளியிட்டார்கள். படைவீரனின் கல்லறையில் எழுத்து அதிகம், பேரனின் கல்லறையில் படம் அதிகம். உழுகிறார்கள், விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள், போரடிக்கிறார்கள், தானியத்தைப் படகில் ஏற்றுகிறார்கள். பஹேரி பெரிய உருவமாக நின்று பார்வையிடுகிறான். இளவரசன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். விருந்தில் உறவினர்கள் பெயரோடு வரிசையாக இருக்கிறார்கள். ஒரு பெண் பதினெட்டுக் கிண்ணம் திராட்சைமது கேட்கிறாள்.

இந்தச் சுவரில் ஒரு ஆச்சரியம் உண்டு. வேலை செய்கிறவர்கள் தலைக்கு மேலே அவர்கள் பேசுவது எழுதப்பட்டிருக்கிறது. சணல் தட்டையைச் சீவுகிற கிழவன், எத்தனை ஆயிரம் கட்டு கொண்டுவந்தாலும் சீவித் தள்ளுவேன் என்று சவடால் பேசுகிறான். கொண்டுவந்து போடுகிற பையன் கிழவனை மொட்டைத்தலையா என்று கிண்டல் பண்ணுகிறான். தானியம் சுமக்கிறவர்கள்தான் முக்கியம். களஞ்சியம் நிறைந்து வழியுது, படகு தாங்காம இருக்குது, இன்னும் சுமக்கச் சொல்லி விரட்டுறாங்களே, எங்க நெஞ்சு என்ன செம்பால செஞ்சதா என்ற பொருளில் புலம்புகிறார்கள்.

இதை வைத்து எகிப்திய உழைப்பாளிகள் சந்தோஷமாகப் பாட்டும் பேச்சுமாக இருந்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. இல்லை, இது எதிர்ப்புக் குரல் என்று உடனே தூக்கிப் பிடிக்கவும் நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். இரண்டுமே அவசரம். இந்த முனகலைச் சுவரில் எழுத வைத்தவன் தானியக் கணக்கு எழுத்தன். சுமக்கிறவன் சலித்துக்கொள்வது அவன் கண்ணுக்குச் செல்வத்தின் அளவைக் காட்டும் அலங்காரம். பார், எவ்வளவு விளைந்திருக்கிறது, சுமந்து மாளவில்லை என்கிறார்கள் என்று காட்டுவது. அதிகாரம் முனகலை அடக்க வேண்டியதில்லை, அதையே தன் பெருமைக்கு நகையாகப் போட்டுக்கொள்ளும் என்பதற்கு இது ஒரு பழைய உதாரணம். ஆனால் நகையாகப் போட வேண்டுமானாலும் முதலில் முனகல் இருந்திருக்க வேண்டும். களத்தில் அந்தப் பேச்சு புழங்கியதால்தான் ஓவியனுக்கு அது தெரிந்திருக்கிறது.

தாத்தாவின் சுவரையும் பேரனின் சுவரையும் ஒன்றாக வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் வாதம். தனித்தனியாக வாசித்தால் ஒன்று போர் வரலாறு, மற்றது 'அன்றாட வாழ்க்கை'. எகிப்தியல் அப்படித்தான் பிரித்து வைத்தது. ஒன்றாக வைத்தால், ஒன்றில் பிடிபட்டுப் பட்டியலானவர்கள் எந்த வகை உழைப்புக்குள் தள்ளப்பட்டிருப்பார்கள் என்பதற்கு மற்றது பின்னணி தருகிறது. பஹேரியின் வயலில் நிற்கிறவர்கள் தாத்தாவின் அடிமைகளின் பிள்ளைகள் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்த வயலைப் பார்வையிடும் இடத்துக்கு அந்தக் குடும்பம் வந்து சேர்ந்த படிக்கட்டில் அந்தப் பத்தொன்பது பேரும் இருக்கிறார்கள்.

8

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதைக்கு இன்னொரு பிறவி கிடைத்தது. நகிப் மஹ்ஃபூஸ் 1944இல் வெளியிட்ட 'தீப்ஸின் போராட்டம்' என்ற நாவல், ஹிக்ஸோஸைத் துரத்திய கதையைச் சொல்கிறது. எபானாவும் அவள் மகனும் அதில் பாத்திரங்களாகவே வருகிறார்கள். பிரிட்டிஷ் படை எகிப்தில் நின்றுகொண்டிருந்த காலம் அது. படித்தவர்களுக்கு யாரைப் பற்றிய நாவல் என்று புரிந்தது. காலனியத்துக்கு எதிராக ஒரு பழைய வெற்றியை நினைவுபடுத்துவது அன்றைக்குத் தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைவைக் கட்டமைக்க, எபானாவின் மகனின் சுவரிலிருந்து வீரம் எடுக்கப்பட்டது, பட்டியல் விடப்பட்டது. எந்தத் தேசியக் கதையாடலும் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டுத்தான் நிற்கிறது.

எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருக்கிறவர்களும் இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஒரு போராட்டம் நியாயமானதா என்று கேட்பதோடு நாம் வழக்கமாக நிறுத்திக்கொள்கிறோம். எபானாவின் மகனின் போருக்கு நியாயம் உண்டு என்று மேலே சொன்னேன். செத்துப்போன அரசன், வடக்கிலும் தெற்கிலும் அழுத்தம், அப்பன் விட்டுப்போன வேலை. இவ்வளவும் இருந்தும் அந்தப் போர் ஒரு அடிமை வீட்டைக் கட்டியது. நியாயமான போர் என்பதாலேயே அதன் பங்கீடும் நியாயமாகிவிடாது. போராட்டம் முடிந்து பங்கு பிரிக்கிற இடத்தில் யார் கையாக எண்ணப்பட்டார்கள், யார் தலையாக எண்ணப்பட்டார்கள், எண்ணியது யார், பதிவேடு யாரிடம் இருந்தது என்ற கேள்விகளைப் போராட்டம் நடக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் சுவரில் இடம் இருக்காது.

எல்-காப் சுவர் நமக்கு இதைச் சொல்வதற்காக எழுதப்படவில்லை. ஒரு வீரனின் பெயர் அழியக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. அந்த நோக்கம் நிறைவேறிவிட்டது, அவன் பெயர் அழியவில்லை. ஆனால் தன் செல்வத்தைக் காட்டுவதற்காக அவன் சேர்த்துக்கொண்ட பத்தொன்பது பெயர்களும் அவனோடு சேர்ந்து அழியாமல் வந்துவிட்டன. அவனைப் பற்றி இனி எழுதுகிற எவரும் அந்தப் பட்டியலை அடிக்குறிப்பிலிருந்து மேலே எடுத்து, அவன் குடும்பத்தைப் பற்றிய பகுதியில் வைத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் வீட்டில் அவர்களும் இருந்தார்கள்.